எந்த முனைக்கு சிக்னல்?

நகராட்சியின் போக்குவரத்துப் பிரிவில் பொறியாளராக இருந்த அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. பிரேக்கு. யார் என்ன கேட்டு வந்தாலும் முதல் பேச்சிலேயே நிறுத்திவிடுவாள் என்பதால் வந்த பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அது அவள் காதுக்கு எட்டியிருந்தது, எட்டியதில் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பிரேக் இல்லாத வண்டியில் யார் ஏறுவார்கள்?

ஊரில் எல்லாருக்கும் தங்கள் தெருமுனையில் ஒரு சிக்னல் வேண்டும். பக்கத்துத் தெருவுக்கு வைத்துவிட்டார்களே, நாம் மட்டும் என்ன இளைத்தவர்களா என்று கேட்பார்கள். கம்பத்தை நட்டு மூன்று விளக்கை மாட்டிவிட்டால் விபத்து தலைதெறிக்க ஓடிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவளோ சிக்னல் வைத்த பிறகு விபத்து கூடிய முனைகளைக் கண்ணால் பார்த்தவள். யாருமே வராத தெருவுக்காகச் சிவப்பில் நிற்கும் ஓட்டுநர் ஒருநாள் நிற்பான், இரண்டாம் நாள் பொறுமுவான், மூன்றாம் நாள் தாண்டிப் போவான். பச்சையை நம்பி எதிரே கால் வைக்கிறவர்தான் மாட்டிக்கொள்வார். அதனால் எண்ணிப் பார்க்காமல், நின்று பார்க்காமல், நடந்து பார்க்காமல் எந்த முனைக்கும் அவள் சரி என்று சொன்னதில்லை.

அப்படிப்பட்டவளுக்குச் சொந்த வீட்டிலிருந்தே சோதனை வந்தது.

அவளுடைய அண்ணன் ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். பெயிண்ட், குழாய், ஆணி, கம்பி என்று எது கேட்டாலும் இல்லை என்று சொல்லாத கடை. இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் கீழே கடை, மாடியில் வீடு. சில வாரங்களுக்கு முன் அண்ணி அந்த முனையில் தெருவைக் கடக்கும்போது ஒரு கார் வந்து இடித்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது காலில் மட்டும் எலும்பு முறிந்து, தகடு வைத்துத் தைத்திருந்தார்கள்.

மருத்துவமனையிலிருந்து அண்ணியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அண்ணன் வாயில் ஒரே வார்த்தைதான். சிக்னல். வாடிக்கையாளரிடம் சிக்னல், பால்காரரிடம் சிக்னல், வழியில் போகிறவரை நிறுத்திவைத்துச் சிக்னல். ஆணி வாங்க வந்தவரெல்லாம் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் படியிறங்க முடிந்தது. "என் தங்கச்சிதான் அந்த ஆபீஸ்ல எல்லாம். நம்ம முனைக்கு வந்தாச்சுன்னு வெச்சுக்கோங்க" என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டான்.

ஒருநாள் கவுன்சிலரைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்து நின்றான்.

"என்ன பாப்பா, வேலையா?" என்றான். அவளுக்கு நாற்பதைத் தாண்டியும் அவனுக்கு அவள் பாப்பாதான். பக்கத்து மேசைக்காரர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

"மேடம், ஒரு சிக்னல்தானே, உங்க அண்ணி விஷயம் வேற" என்றார் கவுன்சிலர். "நீங்க ஒரு வார்த்தை எழுதிட்டா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்."

"எழுதுறதுக்கு முன்னாடி பாக்கணும் சார்" என்றாள் அவள்.

"என்னத்தைப் பாக்கணும்? அண்ணி காலைப் பாத்தியா இல்லையா?" அண்ணனின் குரல் உயர்ந்தது.

"பாத்தேன் அண்ணா. இப்ப ரோட்டைப் பாக்கணும்."

அவர்கள் போனதும் நேராகத் தலைமைப் பொறியாளரின் அறைக்குப் போனாள். "சார், அது எங்க அண்ணன் கடை முனை. நான் பாக்குறது சரியா இருக்காது. வேற யாரையாவது அனுப்புங்க."

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. எதற்கும் பதறாத மனிதர். "வேற யாரை அனுப்பினாலும் கவுன்சிலர் ஒரு போன் போட்டா, 'மேடத்தோட அண்ணன் முனையாச்சே'ன்னு கண்ணை மூடிட்டு ஓகே பண்ணிடுவாங்க. உங்களுக்குத்தான் அந்த நோய் கிடையாது. சர்வேயரைக் கூட வெச்சுக்கோங்க. எண்ணுற வேலையை அவர் எண்ணட்டும், அப்பதான் நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாது. இந்த வருஷத்துக்கு நமக்கு ஒரே ஒரு புது சிக்னல்தான். உங்க அண்ணன் முனையும் இருக்கு, அந்தத் தையல் பேக்டரி வாசலும் இருக்கு. ரெண்டையும் பாத்துட்டு எதுக்குன்னு சொல்லுங்க."

தையல் பேக்டரி வாசலுக்கு யாரும் மனுக் கொடுக்கவில்லை. அங்கே வேலை பார்க்கும் பெண்கள் ஊரின் நாலா பக்கத்திலிருந்தும் பேருந்தில் வந்து போகிறவர்கள். அந்தச் சாலையில் யாருக்கும் வீடில்லை. அந்தப் பகுதியில் ஒருவருக்கும் ஓட்டுமில்லை. அந்த முனையைப் பட்டியலில் சேர்த்ததே அவள்தான்.

மறுவாரம் வேலை தொடங்கியது. சர்வேயர் சாலையின் குறுக்கே ரப்பர் குழாயைப் பதித்தார்; சக்கரம் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஓரத்துப் பெட்டியில் ஓர் எண் கூடும். விளக்குக் கம்பத்தில் கேமராவைக் கட்டினார். எந்த வண்டி நேராகப் போகிறது, எது திரும்புகிறது, நடக்கிறவர் எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார் என்று எல்லாவற்றையும் எடுத்தார்கள். கடை வாசலில் நின்றுகொண்டு அண்ணன் இதையெல்லாம் கல்யாண வேலையை மேற்பார்வை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் முனையில் வண்டிகள் அப்படி ஒன்றும் அதிகமில்லை. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். மற்ற நேரத்தில் நின்று கதை பேசிக்கொண்டே தெருவைக் கடக்கலாம். அப்புறம் எப்படி அண்ணியை இடித்தது? அண்ணிக்கு முன்பும் அங்கே இரண்டு மூன்று பேர் அடிபட்டிருந்தார்கள். அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

பிடிபடாதபோது அவள் செய்வது ஒன்றுதான். தானே நடந்து பார்ப்பது. அண்ணி அன்றைக்கு இறங்கிய அதே படியில் இறங்கி, நடைபாதை விளிம்பில் நின்று, வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். தெரு தெரியவில்லை. வெள்ளையாக ஒரு சுவர்தான் தெரிந்தது. ஓர் அடி முன்னால் வைத்தாள். அப்போதும் சுவர். இன்னும் ஓர் அடி வைத்தபோது டயர் கீச்சிட ஒரு கார் அவள் முழங்காலுக்கு எதிரே வந்து நின்றது.

"கண்ணு தெரியலையா?" என்று கத்திவிட்டுப் போனான் ஓட்டுநர்.

தெரியவில்லைதான். அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. பின்வாங்கி அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். அது சுவரில்லை, முனையை ஒட்டி நிறுத்தியிருந்த சரக்கு வேன். அதன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் அண்ணனுடைய கடையின் பெயர்.

வேனுக்குப் பின்னாலிருந்து பெயிண்ட் டப்பாக்களோடு இறங்கிய டிரைவர் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். "என்ன மேடம், சௌக்கியமா? சிக்னல் எப்ப வருது?"

சர்வேயரும் வேனைப் பார்த்துவிட்டார். கேமராவைத் திருப்பி அந்த வேன் வரும் நேரம், போகும் நேரம் எல்லாம் பதிவாகும்படி வைத்தார். பெரும்பாலும் பகல் முழுக்க அது அங்கேயேதான் நின்றது.

தையல் பேக்டரி வாசலில் கதை வேறு. வேலை முடியும் நேரத்தில் கதவு திறந்ததும் பெண்கள் மடை திறந்ததுபோல் வந்தார்கள். பேருந்து நிறுத்தம் எதிர்ப்பக்கம். நடுவே அகலமான சாலை, லாரிக்குப் பின்னால் லாரி. சும்மா நின்றால் இருட்டும் வரை நிற்க வேண்டியதுதான். அதனால் பத்துப் பேர், பதினைந்து பேர் கையைக் கோத்துக்கொண்டு, "இப்ப, இப்ப" என்று ஒருத்தி சொல்ல, ஒரே ஓட்டமாக ஓடினார்கள். கூட்டத்தில் கை விட்டுப்போன ஒரு பெண் நடுக்கோட்டில் மாட்டிக்கொண்டாள். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி. சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி நின்றாள். லாரிக் காற்றில் அவள் உடை படபடத்தது. வழிவிட ஓர் ஓட்டுநர் பிரேக் போட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த பிரேக்குக்கு மனத்தில் எந்தக் குழப்பமும் மிஞ்சவில்லை. சிக்னல் எங்கே போக வேண்டும் என்பது பட்டப்பகல்போலத் தெளிந்துவிட்டது. மிச்சமிருந்தது அண்ணனிடம் சொல்வது மட்டும்தான். அதைக் கூட்டத்தில் போட்டு உடைக்காமல் முதலில் தனியாகச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தாள்.

கடையில் ஆளில்லாத மதிய நேரம். அவள் சொல்லச் சொல்ல அண்ணன் கையிலிருந்த அளவு நாடாவை இழுத்தான், விட்டான், இழுத்தான், விட்டான்.

"அப்ப நான்தான் என் பொண்டாட்டி காலை ஒடிச்சேன்னு சொல்ற."

"நான் அப்படிச் சொல்லலை அண்ணா. வேன் மறைக்குது. அதை எடுத்துட்டு, அந்த முனையில நடைபாதையைக் கொஞ்சம் வெளியே தள்ளிக் கட்டினா போதும். நிக்கிறவங்களுக்கு வண்டி தெரியும், வண்டிக்காரனுக்கு ஆள் தெரியும். சிக்னல் வேண்டியதே இல்லை."

"வேனை எடுத்துட்டு? சரக்கைத் தலையில வெச்சு இறக்கவா? ஊர் முழுக்கச் சொல்லிட்டேன் பாப்பா, வந்துடும்னு. எல்லாரும் கேப்பாங்க. என்ன சொல்றது, என் தங்கச்சியே வேணாம்னுட்டான்னா?"

"ஆமா. அப்படியே சொல்லு."

அளவு நாடா சட்டென்று சுருண்டு டப்பாவுக்குள் போனது. "நீ எனக்குத் தங்கச்சியா, ரோட்டுக்குத் தங்கச்சியா? போ. கூட்டத்துல பாத்துக்கலாம்."

படியிறங்கப் போனவளை மாடியிலிருந்து அண்ணியின் குரல் தடுத்தது. கீழே பேசியது அத்தனையும் மேலே கேட்டிருக்கிறது. அவள் மாடியேறிப் போனாள். அண்ணி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டியிருந்தாள். அவளைத் தனக்கு எதிரே உட்காரச் சொன்னாள்.

"வேன் மறைச்சதைத்தானே சொன்னே? எனக்குத் தெரியாதா? கால் ஒடிஞ்சது எனக்குத்தானே."

"தெரிஞ்சும் ஏன் அண்ணி சொல்லலை?"

"ஆஸ்பத்திரியில அந்த மனுஷன் அழுத அழுகையை நீ பாக்கலை. அவருக்கும் உள்ளுக்குள்ள தெரியும். சோறு இறங்கலை, தூக்கம் இல்லை. அப்புறம் யாரோ வந்து, 'சிக்னல் இருந்தா இப்படி ஆகியிருக்காது'ன்னு சொன்னாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்து உட்கார்ந்தாரு. அதை எப்படிப் புடுங்குறது, சொல்லு." அண்ணி ஜன்னல் வழியாகக் கீழே முனையைப் பார்த்தாள். "சரி, வெச்சாத்தான் என்ன? ஒரு கம்பம் நின்னுட்டுப் போகட்டுமே."

"வேன் அங்கேயேதான் நிக்கும் அண்ணி. பச்சை விழுந்துடுச்சுன்னு நம்பி வேனுக்குப் பின்னாலேர்ந்து ஒரு குழந்தை இறங்கும். ஆள் வராத ரோடுதானேன்னு ஒருத்தன் சிவப்பைத் தாண்டி வருவான். இப்ப பயந்து பயந்து இறங்குறாங்க. அப்ப தைரியமா இறங்குவாங்க. அதுதான் ஆபத்து."

அண்ணி முக்காலியில் நீட்டிய காலைப் பார்த்தாள். பிறகு, "அப்ப வெக்காதே" என்றாள்.

"அண்ணன்?"

"ரோட்டு வேலையை நீ பாரு. வீட்டு வேலையை நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, சரக்கு இறக்க அவருக்கு ஒரு வழி காட்டிட்டுப் போ. வெறும் கையை விரிச்சுட்டுப் போகாதே."

அதை அவள் மறக்கவில்லை.

கூட்டம் நகராட்சியின் பெரிய அறையில் நடந்தது. அண்ணன் திரட்டிய கூட்டம். நாற்காலி போதாமல் சுவரோரமாகவும் நின்றார்கள். முன்வரிசையில் அண்ணன். பக்கத்தில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி. கவுன்சிலர் எழுந்து, மக்கள் குரலே மகேசன் குரல் என்று ஆரம்பித்து, சிக்னல் வந்துவிட்டதுபோலவே பேசிக் கைதட்டல் வாங்கி உட்கார்ந்தார்.

அடுத்து அவள் எழுந்தாள். பூசி மெழுகிச் சொல்ல அவளுக்கு வராது. "அந்த முனைக்கு சிக்னல் வேணாம்னு சொல்ல வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தாள்.

அறை கொதித்தது. "இன்னும் எத்தனை கால் ஒடியணும்?" என்றார் ஒருவர். "அண்ணிக்கே இந்தக் கதின்னா நமக்கெல்லாம்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சத்தம் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு திரையில் கேமராப் படத்தை ஓடவிட்டாள். காலியான தெரு. ஆள் நடக்கிறார். காலியான தெரு. ஒரு கார். அப்புறம் முனை. நடைபாதையிலிருந்து இறங்கும் ஒரு பெரியவர் வெள்ளை வேனுக்குப் பின்னால் மறைகிறார். மறுபடி தெரியும்போது காருக்கு நேர் எதிரே நிற்கிறார். யாரோ "அய்யோ" என்றார்கள். நல்லவேளை, அந்தக் கார் நின்றுவிட்டது.

"இதுக்கு சிக்னல் என்ன பண்ணும்? மறைக்கிறதை எடுத்தா போதும்" என்றாள். பிறகு பேக்டரி வாசலைக் காட்டினாள். கை கோத்து ஓடும் பெண்கள், நடுக்கோட்டில் கண்ணை மூடி நிற்பவள். இந்தத் தடவை அறையில் யாரும் கத்தவில்லை. "இந்த வருஷம் ஒரு சிக்னல்தான். இவங்க யாரும் மனுக் கொடுக்கலை. கொடுக்க நேரமில்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டிருக்காங்க. நீங்களே சொல்லுங்க, எங்க வெக்கலாம்?"

கவுன்சிலர் தொண்டையைச் செருமினார். பேச்சைத் திருப்ப அவருக்கு ஒரு பிடி கிடைத்தது. "அது இருக்கட்டும் மேடம். அந்த வேன் யாரோடது? பேர் தெரியாத மாதிரி எழுத்தை எல்லாம் அழிச்சுக் காட்டுறீங்களே, யாரைக் காப்பாத்துறீங்க?"

படத்தில் பெயரை மறைக்கச் சொன்னது அவள்தான். வேன் யாருடையது என்பதற்கும் முனைக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தாள். ஆனால் நேருக்கு நேர் கேட்டுவிட்டார்கள். பொய் சொல்ல முடியாது. அவள் வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"என்னோடது" என்றான் அண்ணன்.

எழுந்து நின்றவனின் காது மடல் சிவந்திருந்தது. அண்ணி அவனைப் பார்க்கவில்லை. நேராகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மட்டும் அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தது.

"என்னோட வேன்தான். என் பொண்டாட்டி அதுக்குப் பின்னாலேர்ந்துதான் இறங்கினா. எனக்கு அது அன்னைக்கே தெரியும்." அழப்போகிறான் என்று தங்கை பயந்தாள். ஆனால் அவன் கடைக்காரன், தலையை நிமிர்த்தினான். "வேனை நாளைக்கே எடுத்துடறேன். ஆனா எனக்கு ஒரு பதில் வேணும். சரக்கை எங்க இறக்குறது? அதைச் சொல்லிட்டுப் போ."

"கடைக்குப் பின்னால இருக்கிற சந்துல."

"அந்த சந்துல என் வேன் திரும்பாது. அங்கேயே பொறந்து வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியாதா?"

"திரும்பும். ஓட்டிப் பாத்தாச்சு."

"யாரு ஓட்டினா?"

"உன் டிரைவர்தான். நீ சாப்பிடப் போனப்ப."

அண்ணன் மெதுவாகத் திரும்பினான். கடைசி வரிசையில் டிரைவர் கூரையில் ஏதோ ஒட்டடை இருப்பதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அண்ணிதான் சிரித்தாள். அப்புறம் அறையே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. ஆனாலும் உட்காரும்போது முகத்தில் பல நாளாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று தளர்ந்திருந்தது.

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. முனையில் நடைபாதையை வெளியே இழுத்து வளைவாகக் கட்டினார்கள். நிறுத்த நினைத்தாலும் அங்கே இனி வண்டி நிறுத்த முடியாது. கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினார்கள். ஏறி இறங்க வேண்டிய கார் தானாகவே மெதுவாக வந்தது. அண்ணி ஊன்றுகோலோடு முதல் தடவை கடந்தபோது ஒரு கார் நின்று வழிவிட்டது. அவள் அதற்கு நன்றி சொல்லக்கூட இல்லையாம். "நிக்கிறது அவன் கடமை" என்று போனில் சொன்னாள்.

அண்ணன் பல நாள் தங்கையோடு பேசவில்லை. அவளும் வலியப் போகவில்லை. சரியென்று பட்டதைச் செய்தவளுக்குக் காத்திருக்கத் தெரியும். ஒருநாள் அலுவலகத்துக்கே போன் வந்தது.

"பாப்பா, பின் சந்துல எவனோ காரை நிறுத்திட்டுப் போயிட்டான். வேன் திரும்ப முடியலை. இந்த மாதிரி ஆளுங்களை எல்லாம் என்ன பண்றது? யார்கிட்ட சொல்லணும்?"

"என்கிட்டதான் சொல்லணும்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அப்ப சொல்லிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வா, அண்ணி கேட்டா."

தையல் பேக்டரி வாசலில் சிக்னல் எரியத் தொடங்கிய மாலையில் அவளும் சர்வேயரும் போய் நின்றார்கள். கதவு திறந்தது. பெண்கள் வழக்கம்போல் கையைக் கோத்துக்கொண்டு விளிம்புக்கு வந்து நின்றார்கள். லாரிகள் நின்றன. விளக்கில் நடக்கும் மனித உருவம் பச்சையில் எரிந்தது. யாரும் நகரவில்லை. லாரி நிஜமாகவே நிற்கிறது என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. பிறகு ஒருத்தி காலை எடுத்து வைத்தாள். அடுத்தவள் வைத்தாள். கைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சாலையின் நடுவே பேசிக்கொண்டே, பையை ஆட்டிக்கொண்டே நடந்தார்கள்.

பச்சை பல தடவை வந்து போன பிறகு, கடைசியாக வந்த ஒரு பெண் நேராக அவளிடம் வந்து நின்றாள். "நீங்கதான் இதை வெச்சீங்களா?"

"ஆமாம்மா."

"பச்சை சீக்கிரம் அணைஞ்சுடுது. எங்க கூட முட்டிவலிக்காரங்க ரெண்டு பேர் இருக்காங்க. அவங்க நடுவுல வர்றதுக்குள்ள சிவப்பு வந்துடுது. பாத்து வெக்க வேணாமா?"

சர்வேயர் சங்கடமாக நெளிந்தார். அவளோ மகிழ்ந்துபோனாள். நேற்றுவரை கண்ணை மூடி நின்ற இடத்தில் இன்றைக்குக் குறை சொல்லுகிறார்கள்.

"அவங்க ரெண்டு பேரையும் கூப்பிடுங்க" என்று சொல்லி, கம்பத்தடியில் இருந்த பெட்டியின் பூட்டைத் திறந்தாள். "அவங்க எப்பவும் நடக்கிற மாதிரி நடக்கட்டும். அவங்களுக்கு ஏத்த மாதிரி வெச்சுட்டே போறேன்."